பிணை நின்றவர்: வில்லியம் மார்ஷலின் வாழ்க்கை

1152ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் நியூபரி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோட்டையை அரசர் ஸ்டீபனின் படை முற்றுகையிட்டு நிற்கிறது. கோட்டைக்காரர் பெயர் ஜான். சரணடைவதற்கு முன் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்டார். அரசர் சம்மதித்தார். சொன்ன சொல்லுக்குப் பிணையாக ஜானின் மகன் வில்லியம் அரசரின் பாசறைக்கு அனுப்பப்பட்டான். வயது ஐந்தோ ஆறோ. கிடைத்த அவகாசத்தில் ஜான் கோட்டைக்குள் ஆளையும் உணவையும் ஏற்றிக்கொண்டார். வாக்குத் தவறினால் பையனைத் தூக்கில் போடுவோம் என்று அரசர் தரப்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போடுங்கள், இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்து எடுக்க என்னிடம் சம்மட்டியும் பட்டறைக்கல்லும் இருக்கிறது என்று அப்பாவிடமிருந்து பதில் வந்தது.

தூக்குமரத்தை நோக்கிக் கூட்டிப்போகிறார்கள் என்பது பையனுக்குத் தெரியவில்லை. கூட வந்த பிரபு ஒருவர் கையில் அழகான எறியீட்டி இருந்தது. அதை விளையாடத் தருவீர்களா என்று கேட்டான். ஸ்டீபனுக்கு மனசு கேட்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு பாசறைக்குத் திரும்பிவிட்டார். இன்னொரு நாள் கல்லெறி பொறியில் வைத்து வீசிவிடலாம் என்று பேச்சு வந்தபோது, அந்தப் பொறியை ஊஞ்சல் என்று நினைத்து ஆடக் கேட்டானாம். அப்புறம் ஒரு நாள் அரசரின் கூடாரத்தில், தரையில் பரப்பியிருந்த செடிகளிலிருந்து தண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கொன்றாக வைத்து மோதவிட்டு அரசரும் அவனும் விளையாடியிருக்கிறார்கள். அரசரின் தண்டுதான் தலை முறிந்து விழுந்தது.

அந்தப் பையன் 1219இல் இறக்கும்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. இங்கிலாந்தின் சிறுவயது அரசருக்குப் பதிலாக நாட்டை இரண்டரை ஆண்டு ஆண்டு முடித்திருந்தார். வில்லியம் மார்ஷல் என்ற அந்த மனிதரின் வாழ்க்கையைப் படித்தால், இடைக்கால ஆங்கிலப் பிரபு என்ற சொல்லுக்கு நம் மனதில் இருக்கும் படம் கொஞ்சம் மாறும். கோட்டை, விருந்து, வேட்டை எல்லாம் உண்டுதான். ஆனால் அந்த வாழ்க்கை நின்றது வாக்கின் மேல். ஒருவர் கொடுத்த சொல்லை இன்னொருவர் நம்பினால் நிலம் கிடைக்கும். நம்பாவிட்டால் நிலம் போகும், சில நேரம் பிள்ளையும் போகும். பிணையாகப் போய் உயிர் தப்பியவர், பிற்காலத்தில் ஒரு நாட்டுக்கே பிணை நின்றார். அவர் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். மார்ஷல் இறந்த சில ஆண்டுகளில் அவருடைய மூத்த மகன் அப்பாவின் வரலாற்றைப் பாட்டாக எழுத வைத்தார். அன்றைய பிரெஞ்சில், 19,214 வரிகள். அப்பாவின் கூடவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஜான் ஆஃப் எர்லி என்ற வீரர் சொன்ன நினைவுகள் அதற்கு அடிப்படை. பல நூற்றாண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதியை 1861இல் லண்டன் ஏலத்தில் பால் மேயர் என்ற இளம் பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு தடவை பார்த்தார். ஏலத்தில் அது வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. இருபது ஆண்டு தேடி 1881இல் மறுபடி கண்டுபிடித்தார். குடும்பமே காசு கொடுத்து எழுத வைத்த புகழ்மாலை என்பதை மறக்கக் கூடாது. சங்கடமான இடங்களில் பாட்டு மௌனமாகிவிடுகிறது. ஆனாலும் அரசர் அல்லாத, துறவியும் அல்லாத ஒரு மனிதரைப் பற்றி அந்தக் காலத்திலிருந்து இவ்வளவு நெருக்கமான சித்திரம் கிடைப்பது அபூர்வம்.

மார்ஷல் என்பது முதலில் ஒரு வேலையின் பெயர். பழைய ஜெர்மானியச் சொற்களில் 'குதிரைப் பணியாள்' என்று பொருள். அரண்மனை லாயத்தைப் பார்ப்பது, அரசவையில் ஒழுங்கைக் காப்பது என்று வளர்ந்து, அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைப் பதவியாகி, பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெரிய செல்வம் இல்லாத நடுத்தரப் பிரபுக் குடும்பம். ஜானுக்கு முதல் மனைவி வழியில் இரண்டு மகன்கள். இரண்டாவது மனைவி சிபில், சால்ஸ்பரி பிரபுவின் சகோதரி. அவர் வழியில் இரண்டாவதாகப் பிறந்தவர் வில்லியம். மொத்தத்தில் நான்காம் மகன்.

நான்காம் மகன் என்பது அன்று எவ்வளவு பெரிய குறை என்பதை விளங்கிக்கொள்ள நில முறையைப் பார்க்க வேண்டும். நாட்டின் நிலம் முழுவதும் கொள்கையளவில் அரசருடையது. பெரும் பிரபுக்கள் அதை அரசரிடமிருந்து பெற்று, கை குவித்து அவர் கைகளுக்குள் வைத்து 'உங்கள் ஆள்' என்று உறுதிமொழி சொல்லி, பதிலுக்குப் போர்வீரர்களைத் தர வேண்டும். அவர்கள் தங்கள் நிலத்தைப் பிரித்து, இதே போன்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டு தங்களுக்குக் கீழே உள்ள வீரர்களுக்குக் கொடுப்பார்கள். நிலத்தைக் கூறுபோட்டால் படை சிதறும் என்பதால் மூத்த மகனுக்கே எல்லாம். அண்ணன் இருக்கும்வரை தம்பிக்கு ஒரு ஏர் நிலம்கூடக் கிடையாது. தம்பிக்கு இருந்த வழிகள் மூன்று. சாமியாராகலாம். பணக்காரப் பிரபு ஒருவரின் வீட்டுப் படையில் சேரலாம். நிலத்துக்கு வாரிசான ஒரு பெண்ணை மணக்கலாம். அந்தப் பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்பது அரசர் கையில்.

வில்லியம் இரண்டாவது வழியில் கிளம்பினார். அன்று ஆங்கில அரசருக்கு உட்பட்டிருந்த வடபிரான்சின் நார்மண்டியில் டான்கர்வில் பிரபு தாய்வழி உறவினர். அவர் வீட்டில் எட்டு ஆண்டு போல வளர்ந்து, 20 வயது வாக்கில் வீரராகப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு இருந்த பட்டப்பெயர் சாப்பாட்டு ராமன் என்ற பொருளில் இருந்தது. நன்றாகச் சாப்பிடுவான், நன்றாகத் தூங்குவான், இவனால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் உண்டு.

முதல் சண்டை ட்ரான்கூர் என்ற ஊரில், 1166 வாக்கில். துணிச்சலாகச் சண்டை போட்டார், குதிரையைப் பறிகொடுத்தார். அன்று இரவு விருந்தில் எசெக்ஸ் பிரபு எல்லார் முன்னிலையிலும் அவரைக் கூப்பிட்டு, மார்ஷல், எனக்கு ஒரு பரிசு கொடு, ஒரு சேணப் பட்டையாவது பழைய கழுத்துப் பட்டையாவது போதும் என்றார். என் ஜென்மத்தில் அப்படி ஒன்று என்னிடம் இருந்ததில்லையே என்றார் வில்லியம். என்ன சொல்கிறாய், இன்று மட்டும் உன் கையில் எத்தனை டஜன் வந்திருக்க வேண்டும் என்று எசெக்ஸ் கேட்க, கூடமே சிரித்தது. வீழ்த்திய வீரனைப் பிடித்து, குதிரையையும் கவசத்தையும் கைப்பற்றி, மீட்புப் பணம் வாங்குவதுதான் வருமானம். வில்லியம் வீழ்த்திவிட்டு அடுத்த ஆளிடம் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். சண்டை முடிந்ததும் புதுக் குதிரைக்குப் பணமில்லை. பட்டம் வாங்கும்போது போர்த்திய மேலங்கியை 22 சூ காசுக்கு விற்று, சுமைக்குதிரை மாதிரி ஒன்றை வாங்கினார். இந்தப் பாடத்தை அவர் மறக்கவேயில்லை.

1168இல் மாமா சால்ஸ்பரி பிரபுவோடு அரசி எலினோருக்குப் பாதுகாப்பாகப் பிரான்சின் புவாத்து பகுதிக்குப் போனார். வழியில் பதுங்கியிருந்தவர்கள் தாக்கினார்கள். கவசம் போட நேரமில்லாமல் மாமா முதுகில் குத்துப்பட்டு இறந்தார். வேலியில் முதுகைக் கொடுத்துத் தனியாக நின்று போராடிய வில்லியமுக்குத் தொடையில் ஈட்டிக் காயம், பிறகு சிறை. புண்ணுக்குக் கட்டத் துணிகூடக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் இருந்த பெண்மணி, ரொட்டியின் உட்பகுதியைக் குடைந்து எடுத்து, அதற்குள் துணிக்கட்டுகளை வைத்து அனுப்பினார். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. அவர் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. கடைசியில் எலினோர் பணம் கொடுத்து மீட்டார். அரச குடும்பத்துக்குள் அவர் நுழைந்தது அப்படித்தான்.

1170இல் எலினோரின் கணவரான அரசர் இரண்டாம் ஹென்றி தன் மூத்த மகனுக்குத் தான் உயிரோடிருக்கும்போதே முடிசூட்டினார். இளைய ஹென்றிக்கு 15 வயது. அவருக்குப் போர்க்கலை ஆசானாகவும் படைத் தலைவராகவும் வில்லியம் அமர்த்தப்பட்டார். முடி இருந்தது, ஆள நிலம் இல்லை. அந்த இளைஞரின் வாழ்க்கை முழுக்க வடபிரான்சின் போட்டிக் களங்களில் கழிந்தது.

இந்தப் போட்டிகளைச் சினிமாவில் வருவது போல இருவர் எதிரெதிரே குதிரையோட்டும் ஆட்டமாக நினைக்க வேண்டாம். அது பிற்காலத்து வடிவம். மார்ஷல் காலத்தில் இரண்டு ஊர்களுக்கு நடுவே பல மைல் வயல்வெளிதான் களம். இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கான வீரர்கள் மோதுவார்கள். கொல்வது நோக்கமில்லை, பிடிப்பதுதான் நோக்கம். ஆனாலும் பலர் செத்தார்கள். 1130லேயே திருச்சபை தடைவிதித்துவிட்டது. இங்கிலாந்துக்குள் இரண்டாம் ஹென்றியும் அனுமதிக்கவில்லை. பிரான்சின் எல்லைப்புறங்களில் யாரும் நிறுத்தவில்லை. வில்லியம் ரோஜர் என்ற இன்னொரு வீரரோடு கூட்டுச் சேர்ந்து, கிடைப்பதைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டார். பத்து மாதத்தில் அந்த இருவரும் பிடித்தது 103 வீரர்கள். இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் இளைய ஹென்றியின் சமையற்கூடத்து எழுத்தர் விகெய்ன். ட்ரான்கூரில் கூடமே சிரித்த பையன் இப்போது கணக்கு வைத்துச் சண்டை போட்டார்.

ஷாம்பெய்ன் பகுதியில் ப்ளூர் என்ற ஊரில் நடந்தது எனக்கு மிகப் பிடித்த காட்சி. போட்டி முடிந்து பரிசு கொடுக்க மார்ஷலைத் தேடுகிறார்கள். பரிசு ஒரு பெரிய மீன். ஆளைக் காணோம். கடைசியில் ஊர்க் கொல்லர் பட்டறையில் கிடைத்தார். பட்டறைக்கல் மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறார். அடிமேல் அடி வாங்கி நசுங்கிய தலைக்கவசம் தலையோடு இறுகிக் கழற்ற வரவில்லை. கொல்லர் சம்மட்டியும் குறடுமாக அதை நெம்பிக்கொண்டிருக்கிறார். அப்பா சொன்ன அதே சம்மட்டியும் பட்டறைக்கல்லும். பாட்டை எழுதியவர் இந்த இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. படிக்கும் நமக்குத் தானாக நினைவு வருகிறது.

இளைய ஹென்றி தந்தைக்கு எதிராக இரண்டு தடவை கிளம்பினார். இரண்டாவது தடவை, 1183இல், கையில் காசில்லாமல் ரோக்கமதூர் திருத்தலத்தையே கொள்ளையடித்தார். அந்த நாட்களில் மார்ஷலும் அவர் கூட இருந்தார். சில நாளிலேயே இளைய ஹென்றி வயிற்றுக்கடுப்பு வந்து, 28 வயதில் இறந்தார். எருசலேமுக்குப் போவதாகத் தான் எடுத்த சபதத்தை நீ நிறைவேற்று என்று சாகும்போது கேட்டுக்கொண்டார். மார்ஷல் போய்வந்தார். திரும்பும்போது இரண்டு பட்டுத் துணிகள் கொண்டுவந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் துணிகள் பின்னால் வரும்.

அடுத்து மூத்த ஹென்றியின் சேவை. 1189இல் அரசருக்கும் இன்னொரு மகன் ரிச்சர்டுக்கும் போர். லெ மான் நகரிலிருந்து தப்பி ஓடும் அரசரை ரிச்சர்ட் விரட்டி வருகிறார். அரசருக்குப் பின்காவலாகத் தனியாகத் திரும்பி நின்றவர் மார்ஷல். முழுக்கவசம் இல்லாத ரிச்சர்ட், என்னைக் கொல்லாதே, அது சரியில்லை என்று கத்தினார். ஈட்டியைத் தாழ்த்தி ரிச்சர்டின் குதிரையைக் கொன்று, துரத்தலை நிறுத்தினார் மார்ஷல். சில வாரத்தில் ஷினோன் கோட்டையில் ஹென்றி இறந்தார். வேலைக்காரர்கள் அவர் உடம்பில் இருந்த துணியைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அடுத்த அரசர் ரிச்சர்ட்.

மார்ஷலுக்கு இனி ஆயுள் முடிந்தது என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். நீ என்னைக் கொல்லப் பார்த்தாய், நான் கையால் தட்டிவிடாவிட்டால் செத்திருப்பேன் என்றார் ரிச்சர்ட். கொல்ல நினைத்திருந்தால் கொன்றிருப்பேன், ஈட்டியைக் குறி தவறாமல் செலுத்த எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்றார் மார்ஷல். ரிச்சர்ட் மன்னித்தார். செத்துக்கொண்டிருந்த அரசரை விட்டு ஓடாதவர் தன்னையும் விட்டு ஓடமாட்டார் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். தன் தந்தை ஹென்றி மார்ஷலுக்குக் கொடுத்திருந்த வாக்கை உறுதிசெய்து, இசபெல் த கிளேர் என்ற வாரிசுப் பெண்ணை அவருக்கு மணமுடித்து வைத்தார்.

இசபெல்லுக்கு 17 வயது இருக்கலாம். மார்ஷலுக்கு 42க்கு மேல். அயர்லாந்தில் புகுந்து நிலம் பிடித்த ஸ்ட்ராங்போ என்ற பிரபுவுக்கும், லின்ஸ்டர் மன்னரின் மகள் ஈஃபாவுக்கும் பிறந்தவர் இசபெல். வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ, அயர்லாந்தில் லின்ஸ்டர், நார்மண்டியில் லாங்வில்லில் பாதி என மூன்று நாட்டில் உரிமை. தந்தை இறந்ததால் அரசரின் காவலில் லண்டன் கோட்டையில் இருந்தார். அவரை யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. நிலத்தைக் கொடுப்பது போல அவரையும் கொடுத்தார்கள். மார்ஷலைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. 20 ஆண்டு உழைத்தும் கிடைக்காத நிலம் ஒரு பெண்ணின் கையைப் பிடித்ததும் ஒரே நாளில் கிடைத்தது. அந்த நிலத்தை ஆளத் தனக்கு அவள் வழியாகத்தான் உரிமை என்பதை மார்ஷலே பிற்காலத்தில் அயர்லாந்துக்காரர்கள் முன் வெளிப்படையாகச் சொன்னார். இவள்தான் உங்கள் பிரபுவின் மகள், இவளால்தான் எனக்கு இங்கே நிலம் என்று.

ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். 1199இல் ரிச்சர்டின் தம்பி ஜான் அரசரான நாளில் பெம்புரோக் பிரபு என்ற பட்டமும் வந்தது. பெம்புரோக் கோட்டையில் இன்றும் நிற்கும் பெரிய வட்டக் கோபுரம் அவர் கட்டியது. அயர்லாந்தில் நியூ ராஸ் நகரம் அவரும் இசபெல்லும் நிறுவியது. அதற்கு வரும் கப்பல்களுக்காக ஹூக் முனையில் அவர் எழுப்பிய கலங்கரை விளக்கம் 800 ஆண்டு தாண்டியும் வேலை செய்கிறது. செப்ஸ்டோவில் அவர் காலத்து மரக்கதவுகள் இன்னும் இருக்கின்றன. ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் கோட்டைக் கதவுகளில் இவையே மிகப் பழையவை என்கிறார்கள்.

அப்புறம் ஜானின் காலம். 1204இல் நார்மண்டி பிரெஞ்சு அரசர் பிலிப்பிடம் போனது. அங்கே நிலம் வைத்திருந்த ஆங்கிலப் பிரபுக்களுக்குத் தர்மசங்கடம். பிலிப்புக்கு உறுதிமொழி சொன்னால் நிலம் தங்கும், சொல்லாவிட்டால் போகும். மார்ஷல் ஜானின் அனுமதியோடு போய்ச் சொன்னார், நிலத்தைக் காப்பாற்றினார். அதன்பின் பிலிப்புக்கு எதிரான படையெடுப்புக்கு வர மறுத்தபோது ஜான் கொதித்தார். மார்ஷலைத் துரோகி என்றார். இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டையும் காப்பாற்ற முடியாது என்ற நிலை இது. ஜானின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஜான் பிணை கேட்டார். முதலில் மூத்த மகன் வில்லியம், பிறகு இரண்டாவது மகன் ரிச்சர்ட். இசபெல்லுக்கு அதில் சம்மதமில்லை. மார்ஷல் கொடுத்துவிட்டார். ஐந்து வயதில் தூக்குமரத்தின் கீழ் நின்றவர் தன் இரண்டு பிள்ளைகளை அரசரின் கையில் கொடுக்கிறார். அன்று அப்பா பிள்ளையைக் கொடுத்துவிட்டு வாக்கை மீறினார். இவர் கொடுத்தபின் வாக்கை மீறவேயில்லை. பின்னால் நடந்த எல்லா அவமானத்துக்கும் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அவமானம் கொஞ்சம் இல்லை. 1207இல் ஜான் அவரை அயர்லாந்திலிருந்து வரவழைத்துத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அதே நேரம் அயர்லாந்தில் அரசரின் அதிகாரி மார்ஷலின் நிலத்தைத் தாக்கினார். இசபெல் கர்ப்பிணியாகக் கில்கென்னியில் முற்றுகைக்குள் இருந்தார். குளிர்காலத்துக் கடல் கடக்க முடியாமல் செய்தி வரவில்லை. கில்ட்ஃபோர்டில் குதிரையில் போகும்போது ஜான் அவர் பக்கமாக வந்து, செய்தி தெரியுமா, உன் மனைவி முற்றுகையில் இருக்கிறாள், ஜான் ஆஃப் எர்லியும் உன் ஆட்களும் செத்துவிட்டார்கள் என்றார். அது பொய். அவர்கள் உங்கள் ஆட்களும்தானே பிரபு, வருத்தமாக இருக்கிறது என்று மட்டும் மார்ஷல் சொன்னார். பிறகு உண்மைச் செய்தி வந்தது. கோட்டை மதில் வழியாக ஒரு ஆளைக் கீழே இறக்கி உதவி கேட்டு அனுப்பியிருந்தார் இசபெல். உதவி வந்தது, எதிரி பிடிபட்டார், அவருடைய மகன் இசபெல்லிடம் பிணையானார்.

ஜானின் கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொரு குடும்பம் சாட்சி. அவருக்கு நெருக்கமாக இருந்த பிரபு வில்லியம் த பிரோஸின் மனைவி மட்டில்டாவும் மூத்த மகனும் 1210இல் ஜானின் சிறையில் பட்டினி கிடந்து இறந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அயர்லாந்தில் சில நாள் அடைக்கலம் கொடுத்தவர் மார்ஷல்.

1215இல் பிரபுக்கள் கிளர்ந்து ஜானிடம் மக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தை வாங்கியபோது மார்ஷல் அரசர் பக்கம் நின்றார். சாசனத்தின் முகப்பில், அரசருக்கு ஆலோசனை சொன்னவர்கள் வரிசையில், அவர் பெயர் இருக்கிறது. அவர் மகன் இளைய வில்லியமோ அரசரைக் கண்காணிக்க அமைத்த 25 பேரில் ஒருவர். அப்பாவும் மகனும் எதிரெதிர் முகாமில். சாசனத்தில் என்ன கேட்டார்கள் என்று பார்த்தால் மார்ஷல் வாழ்ந்த உலகம் அப்படியே தெரியும். வாரிசு நிலத்துக்கு வரும்போது அரசர் இஷ்டத்துக்குப் பணம் பிடுங்கக் கூடாது, பெரும் பிரபுவானால் 100 பவுண்டு போதும். விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. வாரிசான பெண்ணைத் தகுதி குறைந்தவருக்குக் கட்டிக்கொடுக்கக் கூடாது. இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைப் பற்றி அந்த 19,000 வரிப் பாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. குடும்பம் இரண்டாகப் பிரிந்து நின்ற கதையை யார் பாடச் சொல்வார்கள்?

இரண்டு மாதத்தில் போப்பிடம் சொல்லி ஜான் அந்தச் சாசனத்தை ரத்து செய்ய வைத்தார். கிளர்ச்சிக்காரர்கள் பிரெஞ்சு இளவரசர் லூயியை அழைத்தார்கள். 1216 அக்டோபரில் ஜான் நியூவர்க்கில் இறந்தபோது லண்டனும் தென்கிழக்கின் பெரும்பகுதியும் லூயி கையில். பிரபுக்களில் பாதிக்கு மேல் அவர் பக்கம். ஜானின் மகன் ஹென்றிக்கு ஒன்பது வயது.

மால்ம்ஸ்பரிக்குப் பக்கத்துச் சமவெளியில் மார்ஷல் அந்தப் பிள்ளையை எதிர்கொண்டார். ஆசிரியர் ஒருவர் குதிரையில் அவனைக் கையில் பிடித்து வைத்திருந்தார். என்னைக் கடவுளிடமும் உங்களிடமும் ஒப்படைக்கிறேன் என்று சிறுவன் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான், மார்ஷலும் அழுதார். குளோஸ்டரில் அவசரமாக முடிசூட்டு விழா. சிறுவனுக்கு வீரர் பட்டம் கட்டியவரும் மார்ஷல்தான். ஆட்சிப் பொறுப்பை ஏற்கச் சொன்னபோது வயதாகிவிட்டது என்று முதலில் தயங்கினார். மறுநாள் ஏற்றார். அன்று தன் ஆட்களிடம் சொன்னது பாட்டில் இருக்கிறது. எல்லாரும் கைவிட்டாலும், இந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போவேன், பிச்சையெடுத்தாவது காப்பாற்றுவேன். கரை தெரியாத கடலில் இறங்கிவிட்டேன் என்றும் சொன்னார்.

பதவிக்கு வந்து மூன்று வாரத்துக்குள் அவர் செய்ததுதான் அவருடைய பெரிய காரியம் என்பது என் கருத்து. நவம்பர் 12, பிரிஸ்டல். ஜான் ரத்து செய்ய வைத்த மக்னா கார்ட்டாவை அரசர் தரப்பே மறுபடி வெளியிட்டது. கண்காணிக்கும் 25 பேர் பற்றிய பகுதியும், வரிக்குச் சம்மதம் கேட்கும் பகுதியும் நீக்கப்பட்டன. மற்றது பெரும்பாலும் அப்படியே. எதிரி எதற்காகப் போராடுகிறானோ அதைத் தானே கொடுத்துவிட்டால், லூயியின் கொடியின் கீழ் நிற்க ஆங்கிலப் பிரபுவுக்கு என்ன காரணம் மிச்சமிருக்கும்? சிறுவன் ஹென்றிக்கு அப்போது சொந்த முத்திரை கிடையாது. சாசனத்தில் தொங்கியது போப்பின் தூதர் குவாலாவின் முத்திரையும் மார்ஷலின் முத்திரையும். குதிரையில் போகும் வீரன் பொறித்த சிறிய முத்திரை அவருடையது. பெரிய பிரபுவான பிறகும் பெரிதாக ஒன்று செய்துகொள்ளவில்லை. அந்தச் சின்ன மெழுகுத் துண்டை நம்பித்தான் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவருடைய மூத்த மகனும் வந்தார்.

1217 மே 20, லிங்கன். கோட்டையை நிக்கோலா த லா ஹே என்ற வயதான பெண்மணி பல மாதமாக லூயியின் ஆட்களிடம் விடாமல் காத்துவந்தார். சுமார் 400 குதிரை வீரர், 300க்கு மேல் குறுக்குவில்லாளரோடு மார்ஷல் உதவிக்குப் போனார். 70 வயதில் குதிரையை முடுக்கிக்கொண்டு கிளம்பியவரிடம், தலைக்கவசம் போடவில்லையே என்று ஒரு பையன் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. போட்டது நல்லதாகப் போயிற்று. அன்று அதில் மூன்று இடத்தில் ஆழமாக நசுங்கியது. எதிர்ப்படைத் தலைவர் பெர்ஷ் பிரபு, தலைக்கவசத்தின் கண் துவாரம் வழியாகக் குத்துப்பட்டு இறந்தார். அவர் மார்ஷலுக்கு உறவினர். வென்ற படை நகரத்தைச் சூறையாடியது. பயந்து படகில் ஏறிய பெண்களும் குழந்தைகளும் பாரம் தாங்காமல் மூழ்கினார்கள். அந்த நகரத்துக்காரர்களுக்கு மார்ஷலின் வெற்றி அப்படித்தான் வந்து சேர்ந்தது.

ஆகஸ்டில் சாண்ட்விச் கடற்போரிலும் லூயிக்குத் தோல்வி. அடுத்த மாதம் சமாதானம். 10,000 மார்க் பணம் கொடுத்து லூயியை ஊருக்கு அனுப்பினார்கள். காசு கொடுத்து எதிரியை விட்டதைப் பிற்காலத்தில் குறை சொன்னவர்கள் உண்டு. போர் முடிந்தது, அது போதும் என்றிருந்தார் மார்ஷல். நவம்பரில் சாசனம் மூன்றாவது தடவை வெளிவந்தது, கூடவே வனச் சாசனமும். அரச வனத்தில் மானை வேட்டையாடியதற்காக யாருடைய உயிரையோ உறுப்பையோ எடுக்கக் கூடாது என்று அது சொன்னது. காட்டோரத்துச் சாதாரண மக்களுக்கு மக்னா கார்ட்டாவைவிட இது பெரிய விஷயம்.

1219 தொடக்கத்தில் நோய் முற்றியது. லண்டன் கோட்டையிலிருந்து படகில் தேம்ஸ் வழியாகக் கவர்ஷமில் இருந்த தன் வீட்டுக்கு வந்தார். பதவியைப் போப்பின் புதிய தூதர் பண்டல்ஃபிடம் கொடுத்தார். மகன்களுக்குச் சொத்துப் பிரித்தார். கடைசி மகன் அன்செல்முக்கு நிலம் வேண்டாம், நான் போனது போல அவனும் தன் வழியைத் தேடட்டும் என்றார். ஜான் ஆஃப் எர்லி குதிரைக்கு லாடம் அடிக்கக்கூடக் காசிருக்காதே என்று மன்றாடிய பின், ஆண்டுக்கு 140 பவுண்டு வரும் நிலம் கொடுத்தார். மணமாகாத கடைசி மகள் ஜோனைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

போட்டிகளில் பறித்ததைத் திருப்பிக் கொடுக்காமல் மோட்சம் கிடைக்காது என்று பாதிரிகள் சொல்கிறார்களே என்று ஒருவர் கேட்டார். 500 வீரர்களைப் பிடித்திருக்கிறேன், அத்தனையையும் எப்படித் திருப்புவது, அவர்கள் சொல்வது உண்மையானால் யாருக்குமே மோட்சம் இல்லை என்றார். ஒரு எழுத்தர், வீட்டில் 80 மேலங்கிகள் இருக்கின்றன, விற்றுத் தர்மம் செய்யலாமே என்றபோது கோபம் வந்தது. பெந்தகோஸ்தே திருநாள் வருகிறது, அது என் வீரர்களுக்கு உரிய உடுப்பு, அவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு என்றார். அன்று தன் மேலங்கியை விற்றுக் குதிரை வாங்கிய இளைஞன் அவருக்குள் இருந்திருப்பான் போல.

எருசலேமிலிருந்து கொண்டுவந்த பட்டுத் துணிகளை அப்போதுதான் வெளியே எடுத்தார். 30 ஆண்டுக்கு மேல் மடிப்புக் கலையாமல் இருந்தன. தன் சவப்பெட்டி மேல் போர்த்த என்றார். டெம்ப்ளர் என்ற துறவிப் போர்வீரர் சபையில் சேர்வதாக அன்றே வாக்குக் கொடுத்திருந்தார். சபையில் சேர்ந்தால் பெண்ணைத் தொடக் கூடாது. அதனால் முன்கூட்டியே இசபெல்லை அழைத்து, ஒரு முத்தம் கொடு, இனிமேல் முடியாது என்றார். இருவரும் அழுதார்கள்.

ஒரு நாள் அவருக்குப் பாட வேண்டும் போல இருந்தது. தான் பாடினால் பைத்தியம் என்பார்கள் என்று கூச்சப்பட்டு, மகள்களை அழைத்துப் பாடச் சொன்னார். மூத்தவள் பாடினாள். ஜோன் தயங்கித் தயங்கி ஒரு வரி பாடினாள். கூச்சப்படாதே, அப்படிப் பாடினால் வார்த்தை சரியாக வராது என்று எப்படிப் பாடுவது என்பதைச் சொல்லிக்கொடுத்தார்.

மே 14 அன்று இறந்தார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவருடையது என்று சொல்லப்படும் கற்சிலை 1941இல் ஜெர்மன் குண்டுவீச்சில் சேதமடைந்தபடியே இன்றும் கிடக்கிறது. அடுத்த ஆண்டே இசபெல்லும் போய்விட்டார்.

ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்தார்கள். ஒருவருக்கும் முறையான வாரிசு இல்லை. மூன்றாம் மகன் கில்பர்ட் 1241இல் போட்டிக் களத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். கடைசி இருவரும் 1245இல் சில வார இடைவெளியில் போனார்கள். அயர்லாந்தில் பெர்ன்ஸ் மறைமாவட்டத்தின் நிலத்தை மார்ஷல் பறித்துக்கொண்டதற்காக அந்த ஆயர் இட்ட சாபம் என்று ஊர் பேசியது. இசபெல் வழியாக வந்த நிலம் அவர் பெற்ற மகள்கள் வழியாக ஐந்து பங்காகப் பிரிந்தது. செப்ஸ்டோவும் மார்ஷல் பதவியும் மூத்த மகள் மாடின் பங்கு. பெம்புரோக் போய்ச் சேர்ந்தது ஜோனின் மகளுக்கு.